சம்சாரியின் அரசு: பர்ட்டன் ஸ்டெயினும் சோழர் வரலாறும்

1

ஐப்பசி சதயம் நெருங்கினால் எங்கள் கிருஷ்ணன்கோவிலில், வத்திராயிருப்பு ரோடு பிரிகிற இடத்தில், ராசராசனுக்கு ஃபிளெக்ஸ் கட்டிவிடுகிறார்கள். ஒன்றல்ல, மூன்று நான்கு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாதிச் சங்கத்தின் பெயர். மகுடமும் வாளும் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே. இது பாண்டிய நாடாச்சே, இங்கே சோழனுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. டீக்கடையில் நின்றிருந்த ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்: "எல்லாருக்கும் இவருதான் தாத்தான்னா, சொத்த யாருக்குப்பா எழுதி வச்சாரு?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. எம்.ஏ. தமிழ் படிக்கும்போது எங்களுக்குச் சோழர் வரலாறு என்றால் சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’தான். எந்த மன்னன் எந்த ஆண்டில் பட்டத்துக்கு வந்தான், எந்த நாட்டை வென்றான், எந்தக் கோவிலைக் கட்டினான் என்பதாகவே வரலாறு எங்களுக்குள் இறங்கியது. நிலம் யாரிடம் இருந்தது, யார் அதில் இறங்கி வேலை செய்தார்கள் என்று பரீட்சையில் ஒரு கேள்வி வந்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு மதுரையில் ஒரு தோழர் ஜெராக்ஸ் எடுத்து பைண்டு செய்து வைத்திருந்த ஒரு புத்தகம் கைக்கு வந்தது. 1980இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட ‘இடைக்காலத் தென்னிந்தியாவில் பெசன்ட் அரசும் சமூகமும்’. எழுதியவர் பர்ட்டன் ஸ்டெயின் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படித்தேன். தலைப்பிலுள்ள ‘பெசன்ட்’ என்ற சொல்லுக்கு நேர்த் தமிழ் என்ன என்பதில் முதலில் மாட்டிக்கொண்டேன். உழவரா, குடியானவரா, வேளாளரா? எங்கள் பக்கத்துச் சொல் ‘சம்சாரி’. இந்தச் சொற்கள் எதுவும் ஒன்றுக்கொன்று சமமில்லை. அந்தச் சிக்கலுக்குள்தான் ஸ்டெயினின் பலமும் பலவீனமும் இரண்டும் இருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

ஸ்டெயின் 1926இல் பிறந்தவர். சிகாகோவில் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிவிட்டு வந்து, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நேவி பியர் கிளையில் சேர்ந்தார். போரிலிருந்து திரும்பியவர்களுக்காக 1946இல் ஒரு படகுத்துறைக் கட்டடத்தில் திறக்கப்பட்ட கிளை அது. அவர் பி.ஏ. பட்டத்தை முடிக்கவில்லை. முடிக்காமலேயே சிகாகோ பல்கலைக்கழகம் முதுகலைக்கு எடுத்துக்கொண்டது. 1954இல் எம்.ஏ., 1957இல் முனைவர் பட்டம். பிறகு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1965 வரையிலும், ஹவாய் பல்கலைக்கழகத்தில் 1983 வரையிலும் ஆசிரியர் வேலை. அதன்பின் லண்டனில் குடியேறி, அங்கே கீழ்த்திசை, ஆப்பிரிக்கவியல் கல்விப் பள்ளியோடு இணைந்திருந்தார். 1996 ஏப்ரல் 26 அன்று இறந்தார்.

அமெரிக்காவில் தெற்காசிய ஆய்வு என்பது பனிப்போர்க் காலத்தில் தழைத்த ஒரு துறை. 1958இல் அந்நாடு கொண்டுவந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் பணத்தில்தான் நம் மொழிகள் அங்கே கற்பிக்கப்பட்டன. நமக்குக் கோதுமை அனுப்பிய பி.எல். 480 திட்டத்தில் சேர்ந்த ரூபாயை வைத்து 1962 முதல் இந்திய நூல்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்குக் கப்பலேற்றினார்கள். கோதுமை இங்கே வந்தது, புத்தகம் அங்கே போனது. எனவே ‘அமெரிக்கக்காரன் எழுதியது’ என்று கேட்டவுடன் நம் தோழர்களுக்கு வருகிற சந்தேகத்தைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சந்தேகம் வாசிப்புக்குப் பதிலாகிவிடக் கூடாது. அறிவு எந்தப் பணத்தில் உற்பத்தியானது என்பது ஒரு கேள்வி. அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் கேட்க வேண்டும்.

ஸ்டெயினின் முனைவர் பட்ட ஆய்வு திருப்பதி கோவிலைப் பற்றியது. பக்தியைப் பற்றியல்ல, கோவிலின் பொருளாதாரத்தைப் பற்றி. தேவஸ்தானம் 1930களில் பதிப்பித்த கல்வெட்டுத் தொகுதிகளை எடுத்துக்கொண்டு, விஜயநகரக் காலத்தில் கோவிலுக்கு வந்த பணமும் நிலமும் எங்கே போயின என்று பார்த்தார். கொடையாக வந்த பணத்தைக் கோவில் தன் கிராமங்களில் ஏரி வெட்டவும் வாய்க்கால் வெட்டவும் போட்டது. பாசனம் பெருகியது, விளைச்சல் கூடியது, கூடிய விளைச்சலிலிருந்து கொடையாளி பெயரில் நைவேத்தியம் நடந்தது. நைவேத்தியத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளிக்குத் திரும்பி வந்தது. அதற்குக் கல்வெட்டில் ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். அந்தப் பங்கை அவர் விற்கலாம், பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆக, தெய்வத்தின் பெயரில் ஓர் முதலீட்டுச் சுழற்சி.

நம்மூர்க் கோவில்களில் பிரசாதம், பரிவட்டம், முதல் மரியாதை என்று அடிதடி வரை போகிறதே, அதை வெறும் கௌரவப் பிரச்சினை என்று பார்ப்பவர்களுக்கு இது ஒரு பாடம். மரியாதைக்கு அடியில் நிலமும் நீரும் இருக்கின்றன. திருவல்லிக்கேணிக் கோவிலைப் பற்றி அர்ஜுன் அப்பாதுரை 1981இல் எழுதிய நூல் கோவில் மரியாதை என்ற இந்த இழையைத்தான் வேறொரு திசையில் நீட்டியது.

3

1980ஆம் ஆண்டு நூலுக்கு வருவோம். ஸ்டெயின் மோதியது நீலகண்ட சாஸ்திரியோடு. சாஸ்திரியின் ‘சோழர்கள்’ 1935லும் 1937லும் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1955இல் திருத்திய பதிப்பு. கல்வெட்டுகளை அப்படிக் கரைத்துக் குடித்தவர் வேறு யாருமில்லை. ஆனால் அவர் வரைந்த சித்திரத்தில் ஒரு முரண் இருந்தது. ஒருபக்கம் பைசாந்தியப் பேரரசைப் போன்ற மாபெரும் மைய அரசு, படிநிலை கொண்ட அதிகார வர்க்கம். மறுபக்கம் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட ஊர்ச் சபைகள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் இருக்க முடியும்? தேசிய இயக்கக் காலத்து வரலாற்றெழுத்துக்கு இரண்டுமே தேவைப்பட்டன. வெள்ளைக்காரனுக்கு முன்னால் ‘எங்களுக்கும் பேரரசு இருந்தது’ என்றும் சொல்ல வேண்டும், ‘எங்களுக்கும் ஜனநாயகம் இருந்தது’ என்றும் சொல்ல வேண்டும். பிறகு திராவிட அரசியல் அதே சித்திரத்தை எடுத்துத் தமிழ்ச் சாயம் பூசிக்கொண்டது.

ஸ்டெயின் அந்த முரணைப் பிடித்தார். அவருக்குக் கருவி ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்தது. ஏடன் சௌத்தால் என்ற மானிடவியலாளர், உகாண்டாவின் வடமேற்குப் பகுதியிலும் அதையொட்டிய காங்கோவிலும் வாழும் ஆலூர் மக்களைப் பற்றி 1956இல் ஒரு நூல் எழுதியிருந்தார். அதில் ‘செக்மெண்டரி ஸ்டேட்’ என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். தமிழில் கூறாக்க அரசு எனலாம். இவ்வகை அரசில் மையத்தின் நேரடி அதிகாரம் அதன் சுற்றுவட்டாரத்தோடு முடிந்துவிடுகிறது. தூரம் போகப்போக அதிகாரம் மெலிந்து, சடங்குரீதியான மேலாண்மை மட்டுமே மிஞ்சுகிறது. ஒவ்வொரு கூறும் தனக்குள் முழுமையானது. மையம் செய்கிற எல்லாவற்றையும் சின்ன அளவில் அதுவும் செய்கிறது.

ஸ்டெயின் இதைச் சோழ நாட்டில் பொருத்தினார். அவருடைய பார்வையில் அடிப்படைக் கூறு ‘நாடு’. இன்று தேசம் என்ற பொருளில் சொல்கிற நாடு அல்ல. பாசனத்தாலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற உறவாலும் கட்டப்பட்ட சில ஊர்களின் தொகுதி. எங்கள் பக்கத்து உதாரணம் சொன்னால் எளிதாகப் புரியும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் மல்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் கவனிக்காமல் கடந்து போகிற ஊர்தான். ஆனால் பழைய நிலப்பிரிவில் ஸ்ரீவில்லிபுத்தூரே மல்லிநாட்டுக்குள் இருந்த ஊர். கோபுரம் அரசாங்க முத்திரைக்குப் போனது, நாடு ஒரு கிராமத்துப் பேராகச் சுருங்கியது.

இந்த நாட்டை ஆண்டவர்கள் ‘நாட்டார்’, அதாவது நிலமுடைய வேளாண் குலங்களின் தலைக்கட்டுகள். மகுடம் தரித்தவன் காவிரிக் கரையில் இருந்தான். காவிரி வளாகத்துக்கு வெளியே அவனுக்கு வரிவாங்கும் எந்திரம் கிடையாது, வெற்றியும் கொள்ளையும் கோவிலும் மெய்க்கீர்த்தியும்தான் உண்டு. அந்தந்த வட்டாரத் தலைவன் சோழன் பெயரைப் பட்டமாகச் சூடிக்கொண்டு தன் வேலையைத் தானே பார்த்தான். இத்தனை கூறுகளையும் ஒன்றாகத் தைத்த நூல் எது? பிராமணர்களுக்கு விடப்பட்ட பிரமதேய ஊர்கள் என்றார் ஸ்டெயின். பல்லவர் காலத்திலிருந்து உருவான பிராமண-பெசன்ட் கூட்டுதான் இந்த அமைப்பின் முதுகெலும்பு. ஒருவருக்குச் சடங்கின் அதிகாரம், மற்றவருக்கு நிலத்தின் அதிகாரம்.

நம் சூழலில் இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரே அடியில் ராசராசனின் மகுடம் இறங்கிவிடுகிறது. பிராமணரை எதிர்த்து நின்ற வேளாளர் என்ற பிராமணரல்லாதார் கதையாடலும் ஆட்டம் காண்கிறது. ஏனென்றால் இருவரும் கூட்டாளிகள் என்கிறார் ஸ்டெயின். சாஸ்திரியின் பக்கம் நின்றவர்களுக்கும் பிடிக்கவில்லை, தமிழ்ப் பெருமைக்காரர்களுக்கும் பிடிக்கவில்லை. சிகாகோவிலிருந்து வந்த ஒருவருக்கு இரண்டு தரப்பிலும் சொந்தக்காரர்கள் கிடையாது என்பது ஒரு வசதிதான்.

4

எதிர்வினைகள் கடுமையாக வந்தன. 1981இல் ஆர். சம்பகலட்சுமி நீண்ட மதிப்புரை எழுதினார். டி.என். ஜா மார்க்சிய நோக்கில் மறுத்தார். ஜப்பானியரான நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுச் சொற்களை எண்ணி, வகைபிரித்து, பதவிப் பெயர்களைத் தொகுத்து வேறொரு சித்திரத்தைக் காட்டினார்கள். சுப்பராயலு 1973லேயே சோழ மண்டலத்தின் நாடுகளை வரைபடமாக்கியிருந்தார். ஸ்டெயின் அதன்மேல்தான் தன் கட்டடத்தை எழுப்பினார். ஆனால் மூவேந்தவேளான் பட்டம் பெற்ற அதிகாரிகள் எத்தனை இடங்களில் வருகிறார்கள், புரவுவரித் திணைக்களம் என்ற வரித்துறை எப்படி வேலை செய்தது என்பதையெல்லாம் பார்த்தால், சடங்கு அதிகாரம் மட்டும்தான் என்று எப்படிச் சொல்வது?

தஞ்சைப் பெரிய கோவில் சுவர்களே சாட்சி. நிலத்தை வேலியின் நுண்ணிய பின்னம் வரை அளந்து எழுதியிருக்கிறார்கள். ஈழத்து ஊர்களிலிருந்தும் கோவிலுக்கு வருவாய் ஒதுக்கியிருக்கிறார்கள். சோழ நாட்டின் பல கோவில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து, வீட்டு எண்ணோடு குடியேற்றியிருக்கிறார்கள். மனிதர்களை இப்படி இடம் பெயர்த்து நடத்துகிறவனிடம் இருப்பது வெறும் பூசை அதிகாரம் அல்ல. கல்வெட்டுகளின் தமிழ் மூலத்தைவிட அவற்றின் ஆங்கிலச் சுருக்கங்களையும் பிறர் ஆய்வுகளையுமே ஸ்டெயின் அதிகம் நம்பினார் என்ற விமரிசனமும் வந்தது. கருத்தாக்கம் முதலில் வந்து, சான்று பின்னால் நடந்தது என்றார்கள். இதில் பெரும்பகுதி நியாயம்தான்.

இந்த விஷயத்தில் எனக்கு ஸ்டெயின்மேல் மரியாதை கூடியது. அவர் தன் கோட்டைக்குள் உட்கார்ந்துகொள்ளவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டுக்குப் பிந்தைய அரசுகளைப் பற்றி எழுதும்போது, படைக்குப் பணம் தேவை, பணத்துக்கு வரி தேவை, வரிக்கு மையப்படுத்தல் தேவை என்ற ‘ராணுவ நிதியாட்சி’ என்ற கருத்துக்கு நகர்ந்தார். 1989இல் வந்த ‘விஜயநகரம்’ இந்த நகர்வின் பலன். விஜயநகரக் காலத்திலும் அதையொட்டியும் தெலுங்கு பேசும் படைத்தலைவர்களும் குடியானவர்களும் தமிழகத்தின் கரிசல் காடுகளுக்குள் இறங்கி வந்ததை அதில் படிக்கும்போது, ராஜபாளையத்து வீதிகள் எங்களுக்கு நினைவுக்கு வராமல் போகாது.

அதே ஆண்டில் வெளிவந்தது ‘தாமஸ் மன்றோ’. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண கவர்னர், ரயத்துவாரி முறையோடு பெயர் சேர்ந்தவர், சென்னைத் தீவுத்திடலருகே குதிரையில் உட்கார்ந்திருப்பவர். பாளையக்காரர்களை ஒழித்துவிட்டு அரசு நேரடியாக ரயத்தோடு பேசுவது என்ற மன்றோவின் திட்டம், கருணையைக் காட்டிலும் காலனிய அரசைக் கட்டும் திட்டமாகவே இருந்தது என்பது ஸ்டெயினின் வாசிப்பு. கூறாக்க அரசு பற்றி 1991இல் மறுபடி எழுதியபோது அவர் அக்கட்டுரைக்கு ‘இடைக்கால யோசனைகள்’ என்றே பெயரிட்டார். எழுதி முப்பது வருடமானாலும் ‘நான் அன்றே சொன்னேன்’ என்று நிற்கிற நம் அறிஞர்கள் கவனிக்க வேண்டிய தலைப்பு. கடைசி நூல் ‘இந்திய வரலாறு’ அவர் இறந்தபின் 1998இல் வந்தது. டேவிட் ஆர்னால்டு திருத்திய இரண்டாம் பதிப்பு 2010இல் வந்தது.

5

எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டவர் ஒன்றை மட்டும் உடைத்துப் பார்க்கவில்லை. அதுதான் ‘பெசன்ட்’.

என் அம்மாச்சி வத்திராயிருப்பு வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். மலையடிவாரத்துத் தண்ணீரில் நெல் விளைகிற பூமி அது. அவர் பேச்சில் ‘சம்சாரி’ என்றால் நிலம் வைத்திருப்பவர். "சம்சாரி வந்தாரு, கூலி பேசுனாரு" என்பார். வாழ்நாள் முழுக்கச் சேற்றில் நின்றவர் தன்னை ஒருநாளும் சம்சாரி என்று சொல்லிக்கொண்டதில்லை. உழுகிறவனுக்கும் நடுகிறவளுக்கும் அந்தச் சொல்லில் இடமில்லை. இந்த வித்தியாசம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஸ்டெயினின் நூலில் அது கரைந்துபோகிறது. அவருடைய பெசன்ட் நாட்டுச் சபையில் உட்கார்கிறார், பிரமதேயத்துக்கு நிலம் விடுகிறார், பட்டம் வாங்குகிறார். எப்போது ஏர் பிடிப்பார்?

அடிநிலைச் சாதிகளை ஸ்டெயின் அடியோடு மறந்தார் என்று சொல்வது அநியாயம். வலங்கை-இடங்கை பற்றிய நீண்ட அத்தியாயத்தில் அவர்கள் வருகிறார்கள். ஆனால் அணிசேர்கிற சாதிகளாக வருகிறார்கள், உபரியை உற்பத்தி செய்த உழைப்பாளிகளாக அல்ல. கூட்டு என்று பேசும்போது யாருக்கு எதிராகக் கூட்டு என்ற கேள்வி எழ வேண்டாமா? ஸ்டெயினின் பதில், சமவெளிக்கு வெளியே இருந்த காட்டு, மலை மக்களுக்கு எதிராக என்பது. களப்பிரர் காலத்தை அவர் இப்படித்தான் வாசிக்கிறார். அது முக்கியமான வாசிப்புதான். ஆனால் எதிரி வெளியே இருந்தான் என்று சொல்லிவிட்டால், ஊருக்குள்ளேயே தனியாக ஒதுக்கப்பட்டிருந்தவர்கள் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

கல்வெட்டு அவர்களை மறைக்கவில்லை. தஞ்சைக் கோவிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி விலக்குப் பெற்ற இடங்களைப் பட்டியல் போடுகிறான் ராசராசன். ஊர்நத்தம், கோவில், குளம், வாய்க்கால் என்று போய், கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வருகிறது. வெள்ளான் சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி. ‘உழப்பறையர்’ இருக்கும் சேரி என்றே ஓரிடத்தில் வருகிறது. பெயரிலேயே உழவு இருக்கிறது! உழுகிறவன் யார் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கும்போது, பெசன்ட் என்ற சொல் மட்டும் அவன் தலைக்குமேல் தாண்டிப் போய் நாட்டார் வீட்டில் இறங்கிவிட்டது. வேளாண் குலங்களின் பெருஞ்சபையான சித்திரமேழிப் பெரியநாட்டின் சின்னம் ஏர். சின்னம் சபையிடம், ஏர் சேரியிடம்.

குடவோலையையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்தரமேரூரைச் சொல்லிப் பெருமைப்பட்டார். அந்தப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு பிராமணச் சபை ஒன்றின் விதிமுறை. நிற்கிறவனுக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலி வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஓலை போட்ட குடத்துக்கும் சேரிக்கும் எவ்வளவு தூரம் என்று அடிக்கல் மேடையில் யாரும் சொல்லவில்லை.

இது பழங்கதை இல்லை. ஸ்டெயினின் நூல் வந்ததற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1968 டிசம்பர் 25 அன்று, அவர் சோழ அதிகாரத்தின் மையம் என்று சொன்ன அதே காவிரிப் படுகையில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு கொளுத்தப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். கொளுத்திய தரப்பும் ‘விவசாயிகள்’தான், எரிந்த தரப்பும் ‘விவசாயிகள்’தான் என்று எழுதினால் வரலாறு எவ்வளவு பொய்யாகிவிடும்?

சிவகங்கைச் சீமையில் தேவகோட்டைக்குப் பக்கத்திலுள்ள கண்டதேவியைப் பாருங்கள். தேர் வடம் பிடிப்பதில் முதல் மரியாதை உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என்ற நான்கு நாட்டு நாட்டார்களுக்கு. தலித்துகளும் வடம் பிடிப்போம் என்று 1998இல் எழுந்த பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. அந்த நான்கில் ஒன்றான உஞ்சனையில்தான் 1979இல் தலித்துகள் கொல்லப்பட்டார்கள். சோழர் காலத்து நாடு அப்படியே மாறாமல் வந்து நிற்கிறது என்று நான் சொல்லவில்லை. இடையில் பாளையம், ஜமீன், காலனியம் எல்லாம் புகுந்து கலைத்துப் போட்டிருக்கின்றன. ஆனாலும் மன்னன் போய், கவர்னர் போய், ஜமீன் ஒழிந்த பிறகும் ‘நாட்டார்’ என்ற சொல் உயிரோடு இருக்கிறது. அதிகாரம் மகுடத்தில் இல்லை, நாட்டில் இருக்கிறது என்று ஸ்டெயின் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அந்த அதிகாரம் யார் தோளில் நின்றது என்று அவர் பார்க்கத் தவறியதற்கும் இதுவே சான்று.

6

ஆகவே ஸ்டெயினை என்ன செய்வது? தூக்கி எறிவதும் தப்பு, தலையில் வைத்துக்கொள்வதும் தப்பு. கூறாக்க அரசு என்ற கோட்பாட்டின் பல பகுதிகளை ஆய்வுலகம் நிராகரித்துவிட்டது. ஆனால் அவர் மாற்றியது கேள்வியை. எந்த ராசா என்ன செய்தான் என்பதிலிருந்து, இந்த நிலத்தில் யாருடைய பேச்சு செல்லுபடியாயிற்று என்பதற்கு வரலாற்றை இழுத்து வந்தார். டேவிட் லட்டன் 1985இல் திருநெல்வேலிச் சீமையின் விவசாய வரலாற்றை எழுதியதும், நிக்கோலஸ் டெர்க்ஸ் 1987இல் புதுக்கோட்டையைப் பற்றி எழுதியதும் அந்தக் கேள்வி திறந்துவிட்ட வெளியில்தான்.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து போனவர்களும் இருக்கிறார்கள். ரூபா விஸ்வநாத் 2014இல் எழுதிய ‘பறையர் பிரச்சினை’ என்ற நூல், காலனிய அதிகாரிகளும் நிலமுடைய சாதிகளும் சேரி மக்களைப் பிடிமானமுள்ள உழைப்பாளிகளாகவே வைத்திருப்பதில் எப்படிக் கைகோத்தார்கள் என்று ஆவணம் ஆவணமாகக் காட்டுகிறது. அதுவும் ஒரு கூட்டுதான். ஸ்டெயினுக்குக் கிடைத்த கூட்டு கோவிலிலும் சபையிலும் தெரிந்தது. இந்தக் கூட்டைப் பார்க்கச் சேரியிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் ஒரு கோரிக்கை. ‘விவசாயி’ என்று எழுதுவதற்கு முன் பட்டா யார் பெயரில், மண்வெட்டி யார் கையில் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கிருஷ்ணன்கோவில் விலக்கில் அடுத்த ஐப்பசிக்கும் ஃபிளெக்ஸ் வரும். சொத்தை யாருக்கு எழுதி வைத்தான் என்று பெரியவர் கேட்டதற்கு, பெரிய கோவிலின் கல்வெட்டிலேயே பதில் இருக்கிறது. வெள்ளானுக்கும் பிராமணனுக்கும் கோவிலுக்கும் நிலம் போனது. உழப்பறையனுக்கு, வரி இல்லாத ஒரு சேரியும் ஒரு சுடுகாடும்.